கைக்காப்புக்கும் கத்திக்கும் இடையே இடைவெளி விழாமல் பொருத்துவது எப்படி?

பிடிக்குள் மறையும் வால் கொண்ட கத்தியில், கை அலகின் மேல் வழுக்காமல் தடுக்கும் பித்தளைக் காப்பு எப்போதும் ஆடுகிறது, முன்பக்கம் (அலகுப் பக்கம்) இடைவெளி தெரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தவறு பெரும்பாலும் காப்பில் இருக்காது, கத்தியின் தோளில்தான் இருக்கும். அலகு குறுகி வால் தொடங்கும் இடத்தில் இருபுறமும் படிபோல் இருப்பவைதான் தோள்கள். இரண்டும் ஒரே கோட்டில் இல்லையென்றால், வால் நுழையும் காப்பின் துளையை எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் பயனில்லை. முதலில் அதை அரத்தால் சமன் செய்யுங்கள். வாலும் தோளும் சேரும் மூலையைக் கூராக விடாமல் சிறு வளைவாக விடுங்கள். கூர்மூலையில்தான் எஃகு விரிசல் விடும்.

வாலின் கனம் 4 மி.மீ. என்றால் காப்பில் 3.5 மி.மீ. துளைகளை வரிசையாகப் போட்டு, மீதியை ஊசி அரத்தால் திறக்கலாம். வாலில் மார்க்கர் மை பூசிக் காப்பை நுழைத்து எடுங்கள். மை ஒட்டிய இடத்தை மட்டும் இரண்டு மூன்று இழுப்பு அராவி, மறுபடி நுழைத்துப் பாருங்கள். இருபது தடவையானாலும் சலிக்காதீர்கள். இந்தப் பொறுமைதான் வேலையே. பின்பக்கத் துளையைச் சற்று அகலமாக்கலாம், முன்விளிம்பைத் தொடவே கூடாது.

கடைசி 2 மி.மீ. தூரத்தைக் கையால் தள்ள முடியாமல் இருப்பது நல்ல அறிகுறி. அலகைச் சுற்றித் துணி கட்டி, நுனி உங்கள் உடம்பில் படாதபடி மரக்கட்டைகளுக்கிடையே இறுக்கிக்கொண்டு, வால் நுழையும் அளவுள்ள குழாயைக் காப்பின் மேல் வைத்துத் தட்டுங்கள். ஓசை மாறும்போது தோளில் அமர்ந்துவிட்டது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கீற்று ஒளிகூட வரக்கூடாது.

பற்றவைப்பதைவிட எபாக்சி பசையையே நான் விரும்புகிறேன்: சூடு அதிகமானால் அலகின் பதம் (கடினத்தன்மை) போய்விடலாம்.