மாத்திரை போடும்போது நடுவில் படுகிறது, இங்கே யாரிடம் கேட்பது?

தங்கச்சி, நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன், இதே சந்தேகத்தோடு இருக்கிற மற்றவர்களுக்கும் உதவும். கணவரின் வேலை விசாவில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்கு வந்திருக்கிறீர்கள். ஊரில் மாலா-டி என்ற கருத்தடை மாத்திரை போட்டுக்கொண்டிருந்தீர்கள், கொண்டுவந்த அட்டை தீர்ந்து சில வாரம் எதுவும் போடாமல் இருந்து, அப்புறம் இங்கே ஜிபியில் (குடும்ப டாக்டரிடம்) மைக்ரோகைனான் என்ற கருத்தடை மாத்திரை கொடுத்தார்கள். இப்போது இரண்டாவது அட்டை பாதியில் பழுப்பாகத் திட்டுத்திட்டாக ரத்தம் படுகிறது. அம்மா போனில் "உடம்புச் சூடு, வெளிநாட்டு மாத்திரை ஒத்துக்கலை, நிறுத்திடு" என்கிறார்கள். நிறுத்தலாமா, யாரிடம் போவது, எவ்வளவு செலவாகும், மாமியார் வீட்டுக்குத் தெரிந்துவிடுமா?

நிறுத்தாதீர்கள். அட்டையின் நடுவில் நிறுத்தினால் படுவது நிற்காது, மாதவிலக்கு மாதிரியே வந்து சேரும், பாதுகாப்பும் போய்விடும்.

வெளிநாட்டு மாத்திரை என்று பயப்படவும் ஒன்றுமில்லை. மாலா-டியில் இருப்பதும் மைக்ரோகைனான் 30-இல் இருப்பதும் ஒரே மருந்து, ஒரே அளவு: லெவோநார்ஜெஸ்ட்ரல் 150 மைக்ரோகிராம், எத்தினைல் ஈஸ்ட்ரடையால் 30 மைக்ரோகிராம். நீங்கள் நடுவில் விட்டு மறுபடி தொடங்கியதால் உடம்புக்கு இது புது மாத்திரை மாதிரிதான். இந்தக் குறைந்த அளவு ஹார்மோனில் கர்ப்பப்பையின் உள்சவ்வு மெல்லியதாகி, நிலைகொள்ளும் வரை அங்கங்கே லேசாக உதிர்கிறது. பழுப்பாகத் தெரிவது, மெதுவாக வெளிவருகிற பழைய ரத்தம். முதல் மூன்று மாதம் இப்படிப் படுவது ரொம்பச் சாதாரணம், பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருந்தால், படுவதாலேயே பாதுகாப்பு குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வெந்தயமும் இளநீரும் குடியுங்கள், நல்லதுதான், ஆனால் இதற்கு மருந்து அதுவல்ல.

ஆனால் அந்த "ஒழுங்காக" என்பதில்தான் ஊரிலிருந்து வருகிறவர்கள் இடறுகிறோம். மாலா-டி அட்டையில் 28 மாத்திரை, கடைசி ஏழும் இரும்புச்சத்து மாத்திரை, அதனால் ஒரு நாளும் விடாமல் போட்டுக்கொண்டே போவோம். சாதாரண மைக்ரோகைனானில் 21தான். அது முடிந்ததும் ஏழு நாள் சும்மா இருந்து எட்டாம் நாள் அடுத்த அட்டையைத் தொடங்க வேண்டும். கையில் மாத்திரையே இல்லாத அந்த வாரத்தில் நாள் தவறிப் போவது சுலபம், ஒன்பதாம் நாள், பத்தாம் நாள் என்று தள்ளிப்போனால் படுவது மட்டுமல்ல, கரு தங்கவும் வாய்ப்பு உண்டு. இந்த ஏழு நாள் கணக்கு தொல்லையாக இருந்தால் ஈடி என்று பெயர் போட்ட வகையைக் கேளுங்கள், அதில் ஏழு வெறும் மாத்திரையும் சேர்ந்தே 28 இருக்கும்.

ஒரு மாத்திரை மறந்துபோனால் ஞாபகம் வந்த உடனே போடுங்கள், அன்றைக்கு இரண்டு ஆனாலும் பரவாயில்லை. இரண்டோ அதற்கு மேலோ விட்டிருந்தால் கடைசியாக விட்டதை மட்டும் போட்டுவிட்டுத் தொடருங்கள், ஏழு நாள் ஆணுறை அவசியம், அட்டையில் ஏழுக்கும் குறைவான மாத்திரைதான் மிச்சம் என்றால் இடைவெளி விடாமல் அடுத்த அட்டைக்குப் போய்விடுங்கள். இடைவெளி முடிந்த கையோடு முதல் வாரத்தில் இரண்டோ அதற்கு மேலோ விட்டு, அந்த இடைவெளியிலோ அந்த வாரத்திலோ ஆணுறை இல்லாமல் சேர்ந்திருந்தீர்கள் என்றால் அன்றைக்கே மருந்துக்கடையில் சொல்லுங்கள், அவசரக் கருத்தடை தேவைப்படலாம். மாத்திரை போட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும்.

அப்புறம், யாரும் சொல்லாத ஒன்று. இந்தியாவிலிருந்து வந்த இளவயதுக்காரர்களை இங்கே சில ஊர்களில் காசநோய்க்கு ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள். நோய் இல்லாமல் கிருமி மட்டும் தூங்கிக்கொண்டிருந்தால்கூட ரிஃபாம்பிசின் சேர்ந்த மருந்து கொடுப்பது உண்டு. அது கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும், நடுவில் படவும் வைக்கும், நிறுத்திய பிறகும் நான்கு வாரம் அதன் தாக்கம் இருக்கும். அந்த மருந்து எழுதுகிறவரிடம் நீங்கள்தான் மாத்திரை விஷயத்தைச் சொல்ல வேண்டும். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசபைன், ஃபெனிடாயினும் இதே கதைதான். குளிர்காலத்தில் மனசு சோர்ந்து கிடக்கும்போது யாராவது செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை நல்லது என்பார்கள், அதையும் தொடாதீர்கள். தொண்டை வலிக்கு வாங்குகிற சாதாரண ஆன்டிபயாடிக்கால் ஒன்றும் ஆகாது.

யாரிடம் போவது என்றால், ஜிபிக்குக் காலை 8 மணிக்குப் போன் வரிசையில் தொங்குவதற்கு முன்னால் பக்கத்து மருந்துக்கடைக்குப் போங்கள். ஊர் மெடிக்கல் ஷாப் மாதிரி கவுண்டரில் நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டியதில்லை, உள்ளே ஒரு சின்ன அறை இருக்கும், "தனியாகப் பேச வேண்டும்" என்றால் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். இங்கிலாந்தில் 2023 டிசம்பரிலிருந்து பல மருந்துக்கடைகளிலேயே டாக்டர் சீட்டு இல்லாமல் கருத்தடை மாத்திரையைத் தொடங்கித் தரவும் முடியும். கையில் பட்டி சுற்றி ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், எடை கேட்பார்கள், புகைப்பீர்களா, கண்ணில் மின்னல் மாதிரி தெரிந்து ஒற்றைத் தலைவலி வருமா என்று கேட்பார்கள். கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றால் மறைக்காதீர்கள், ஈஸ்ட்ரோஜன் மாத்திரை உங்களுக்கு ஆகாது. கல்யாணம் ஆகிவிட்டதா என்று யாரும் துருவ மாட்டார்கள்.

காசு? கருத்தடைக்கு என்எச்எஸ்ஸில் (இங்குள்ள அரசு மருத்துவச் சேவை) ஒரு பென்னி கிடையாது. சீட்டில் எழுதும் மற்ற மருந்து ஒவ்வொன்றுக்கும் இங்கிலாந்தில் 9.90 பவுண்ட், இதற்கு இல்லை. பாலியல் நல கிளினிக்கும் இலவசம், அங்கே போனதை நீங்கள் சம்மதிக்காமல் ஜிபிக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். கணவரிடமோ மாமியாரிடமோ இவர்கள் யாரும் பேச மாட்டார்கள். வீட்டில் தபாலை யார் பிரிப்பார்கள் என்பதுதான் நம் வீடுகளில் நிஜமான சிக்கல், அதனால் கடிதம் வேண்டாம், என் போனுக்கு மட்டும் அனுப்புங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மூன்று மாதம் தாண்டியும் படுகிறது, உறவுக்குப் பிறகு ரத்தம் வருகிறது, அடிவயிறு வலிக்கிறது, நாற்றத்தோடு வெள்ளை படுகிறது, அல்லது நன்றாக இருந்த மாத்திரையில் திடீரென்று புதிதாகப் படுகிறது என்றால் ஜிபியையோ கிளினிக்கையோ பாருங்கள். கர்ப்பப் பரிசோதனை, கிளமிடியா தொற்றுக்கான பரிசோதனை, கர்ப்பப்பை வாயைப் பார்ப்பது, இவைதான் வழக்கம். பெண் டாக்டர் வேண்டும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம், அதற்கும் காசு இல்லை. 25 வயதில் ஸ்மியர் டெஸ்டுக்கு (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை) தனியாக அழைப்பு வரும், ஆனால் அறிகுறி இருக்கிறவர்கள் அதற்காகக் காத்திருக்கக் கூடாது. கெண்டைக்கால் ஒரு பக்கம் வீங்கி வலித்தால் அன்றைக்கே ஜிபியையோ 111 என்ற என்எச்எஸ் எண்ணையோ கூப்பிடுங்கள், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் வந்தால் யோசிக்காமல் 999 (ஆம்புலன்ஸ்).

கடைசியாகக் கேட்டிருந்தீர்களே, மச்சினர் கல்யாணத்துக்கு ஊருக்குப் போகும்போது மாதவிலக்கைத் தள்ளிப்போட பிரைமோலுட் மாத்திரை வாங்கலாமா என்று. ஏற்கெனவே இந்த மாத்திரையில் இருக்கிறவர்களுக்கு அது தேவையே இல்லை. 21 முடிந்ததும் ஏழு நாள் விடாமல் அடுத்த அட்டையைத் தொடர்ந்தால் போதும், மருந்துக்கடையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஆனாலும் அப்போது லேசாகப் படலாம், முகூர்த்தப் புடவையோடு இரண்டு லைனரையும் பையில் வையுங்கள். அங்கே போனதும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும்: இங்கே கோடையில் இரவு 9 மணிக்குப் போடுகிறீர்கள் என்றால் அங்கே அது நள்ளிரவு தாண்டி 1.30. தூங்கப் போவதற்கு முன் 10 மணிக்கே போட்டுவிடுங்கள், மூன்றரை மணி நேரம் முன்னால் போடுவதால் ஒன்றும் கெட்டுவிடாது.