குழாயும் அதைப் பற்றி நிற்கும் செல்லும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காயம் ஆறுவதைப் பற்றிய கட்டுரையில், புதிய இரத்த நாளங்கள் முளைப்பதைத் திசுவின் நல்ல அறிகுறி என்று எழுதியிருந்தீர்கள். என் தந்தை நெடுங்காலச் சர்க்கரை நோயாளி. அவருடைய விழித்திரையில் முளைத்த புதிய நாளங்களே கசிந்து பார்வையைக் கெடுக்கின்றன என்கிறார் கண் மருத்துவர். காயத்தில் நன்மையாவது கண்ணில் கேடாவது எப்படி?

ம.

அன்புள்ள ம.,

குறை என் கட்டுரையில்தான் இருக்கிறது. இரத்த நாளத்தின் உட்சுவராக அமைந்து குழாயாக நீளும் எண்டோதீலியல் செல்களைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு, அக்குழாயை வெளிப்புறமிருந்து பற்றி நிற்கும் பெரிசைட் செல்களை விட்டுவிட்டேன். 1870களிலேயே எபெர்த், ரூஜே என்ற ஆய்வாளர்கள் இவற்றை விவரித்துவிட்டார்கள்.

ஆக்சிஜன் குறைந்த திசு விஇஜிஎஃப் என்னும் புரதத்தைச் சுரக்கிறது. அது வரும் திசையை நோக்கி ஓர் எண்டோதீலியல் செல் முன்னால் ஊர்ந்து செல்ல, மற்றவை அதன் பின்னே குழாயாக நீள்கின்றன. இரண்டு நுனிகள் சந்தித்து இணைவதற்கு மேக்ரோஃபேஜ்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்களும் உதவுகின்றன. முன்னால் செல்லும் அந்தச் செல்லே பிடிஜிஎஃப்-பி என்ற இன்னொரு புரதத்தைச் சுரந்து பெரிசைட்டுகளை வரவழைக்கிறது. அவை வந்து பற்றிக்கொண்ட பிறகுதான் குழாயின் வளர்ச்சி அடங்கிச் சுவர் உறுதிப்படுகிறது. 1997இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள், இப்புரதமே இல்லாத எலிக் கருக்களின் மூளைத் தந்துகிகளில், அதாவது மிக நுண்ணிய இரத்த நாளங்களில், பெரிசைட்டுகள் இல்லாததையும், அத்தந்துகிகள் ஆங்காங்கே குமிழ்போலப் புடைத்திருந்ததையும் கண்டார்கள்.

அதே புடைப்புகள்தாம் சர்க்கரை நோயாளியின் விழித்திரையிலும் தோன்றுகின்றன; அங்கும் பெரிசைட்டுகள் மடிந்துபோகின்றன. தசையில் பெரிசைட்டுகள் மிக அரிதாகவே இருக்க, விழித்திரையிலோ ஏறத்தாழ ஓர் எண்டோதீலியல் செல்லுக்கு ஒரு பெரிசைட் என்ற அளவில் இருப்பதால், அவற்றின் இழப்பு அங்கே பெரிதாகத் தெரிகிறது. 1961இல் கோகன் என்ற கண் மருத்துவரும் கூட்டாளிகளும் விழித்திரையை, புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் என்ற நொதியில் ஊறவைத்து, நரம்புத் திசு கரைந்தபின் எஞ்சிய நாள வலையைக் கண்ணாடித் தகட்டில் பரப்பிப் பார்த்தார்கள். நல்ல தந்துகியில் நீண்ட எண்டோதீலியல் உட்கருக்களுக்கு அருகே, உருண்டு கறுத்த பெரிசைட் உட்கருக்கள் மொட்டுப்போலத் துருத்தி நிற்கும். நோயாளியின் தந்துகியிலோ பல மொட்டுகளின் இடத்தில் வெறும் கூடுதான் இருந்தது. நுண்ணோக்கியில் காணும் காட்சிகளில் இதைவிடத் துயரமானதை நான் அறியேன்.

பிடியிழந்த தந்துகிகளில் சில கசிய, சில அடைபட, பட்டினி கிடக்கும் விழித்திரை விஇஜிஎஃப்பைச் சுரந்துகொண்டே இருக்கிறது. காயத்தில் முளைக்கும் நாளம் ஆக்சிஜன் வேண்டிய இடத்துக்கே சென்று சேர்வதால் அச்சுரப்பு தணிந்து, மிகுதியான நாளங்கள் மறைந்துவிடுகின்றன. கண்ணிலோ புதிய நாளங்கள் விழித்திரைக்குள் இறங்காமல், அதன் மேற்பரப்பில், கண்ணின் உட்புறத்தை நிரப்பும் கூழ்போன்ற கண்ணாடித் திரவத்தை ஒட்டிப் படர்கின்றன. அதனால் பட்டினியும் தீர்வதில்லை, முளைப்பும் நிற்பதில்லை. போதிய பெரிசைட்டுகள் இல்லாத அந்த மெல்லிய சுவர்கள், கண்ணாடித் திரவம் சுருங்கி இழுக்கையில் கிழிந்து இரத்தம் கசிகின்றன.

கண்ணுக்குள் போடும் ஊசி விஇஜிஎஃப்பை மடக்குகிறதே தவிர, இழந்த பெரிசைட்டுகளைத் திருப்பித் தருவதில்லை. மருந்தின் வீரியம் குறைந்ததும் சுரப்பு மீண்டும் தலைதூக்குவதால்தான் அதைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். லேசர் சிகிச்சையோ விழித்திரையின் ஓரப்பகுதிகளைச் சுட்டு, ஆக்சிஜன் தேவையையே குறைத்துவிடுகிறது. தந்தைக்கு இவற்றில் எது பொருந்தும் என்பதை அவருடைய கண்ணைப் பார்த்த மருத்துவரிடமே கேளுங்கள்.