முழுப் புத்தகத்தையும் பிரதி எடுக்கலாமா?

கேள்வி: எங்கள் தோட்டப் பாடசாலையில் மலையகச் சிறுகதைத் தொகுதி ஒன்றின் ஒரே பிரதி இருக்கிறது. கடைகளில் கிடைப்பதில்லை. முழுவதையும் போட்டோப் பிரதி எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் தவறா? எங்கள் கதை எங்களுக்குச் சொந்தம் இல்லையா?
– ஆசிரியை ஒருவர், தலவாக்கலை

பதில்: டீச்சர், அந்தக் கதைகளைப் படிக்கும் உரிமை உங்கள் பிள்ளைகளுக்கு உண்டு. 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தில் 27ஆம் உறுப்புரை, கலைகளை அனுபவிக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்கிறது. படைத்தவரின் நலன் காக்கப்பட வேண்டும் என்பதும் அதே உறுப்புரையில்தான் இருக்கிறது. அதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தோட்டக் கணக்கப்பிள்ளை ஒருவர், சேமலாப நிதிப் பணத்தை எடுத்துத் தன் கதைகளை அச்சிட்டார். ஹட்டன், பதுளை, கண்டி என்று கூட்டம் நடக்கும் இடமெல்லாம் பையில் சுமந்துபோய் விற்றார். பாதி கடனாகவே போயிற்று. இலக்கியம் மக்களின் சொத்து என்று மேடையில் முழங்கியவர்களும் காசு கொடுக்காமல்தான் வாங்கிப்போனார்கள். மக்களின் உரிமைக்கு ஆகும் செலவை அந்த ஒரு மனிதரின் தலையில் கட்டியதை என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. அந்தச் செலவு பொது நூலகங்களுடையது. பிரதேச சபைகள் ஆளுக்குச் சில பிரதிகள் வாங்கியிருந்தால் அவர் கடனாளி ஆகியிருக்கமாட்டார். பிள்ளைகளுக்கும் புத்தகம் கிடைத்திருக்கும்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவர் மறைந்து 70 ஆண்டுகள்வரை பதிப்புரிமை நீடிக்கும். 1947இல் மறைந்த தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் தொழிலாளருக்காக எழுதியவற்றை நீங்கள் தாராளமாக அச்சிட்டுக் கொடுக்கலாம். 1984இல் மறைந்த மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்துக்கு 2054 முடியும்வரை அனுமதி வேண்டும். மாசியில் தோட்டத்தில் வழிவழியாக ஆடும் காமன் கூத்துக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

வகுப்பில் படிக்கச் சிறு பகுதியைப் பிரதி எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. எழுதியவர் பெயரையும் நூலின் பெயரையும் மறவாமல் குறிப்பிடுங்கள். முழுப் புத்தகமும் வேண்டுமென்றால் அவரையோ அவர் குடும்பத்தாரையோ தேடிப் பிடித்துக் கேளுங்கள். மலையகம் சிறியது, பின்னட்டையில் தோட்டத்தின் பெயர் இருந்தால் போதும், அங்குள்ள ஆசிரியர் யாராவது வழி சொல்வார். 2005 முதல் ஈழத்து நூல்களை இணையத்தில் இலவசமாகப் படிக்கத் தரும் 'நூலகம்' தளத்துக்கும் அந்தப் புத்தகத்தைக் கொடுக்கச் சம்மதமா என்று கேளுங்கள். அவர் உயிரோடு இருந்தால் ஒரு நாள் பாடசாலைக்கே அழைத்து வாருங்கள். பஸ் கட்டணத்தை மட்டும் அவர் கையிலிருந்து கொடுக்க விட்டுவிடாதீர்கள்.