ஊசி போட்டுக் கறந்த பாலில் ஹார்மோன் சேருமா?

குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கன்று செத்த பிறகு அவர்களுடைய கலப்பினப் பசு பாலை அடக்கிக்கொள்வதால், கறக்க வருபவர் இரண்டு மாதமாக ஊசி போட்டே கறக்கிறார். அந்தப் பாலைக் குடித்துவந்த ஒன்பது வயது மகள் போன மாதம் வயதுக்கு வந்துவிட்டாள். ஊசிப் பால்தான் காரணம் என்று உறவினர்கள் சொல்ல, 'என் கையாலேயே பிள்ளையைக் கெடுத்துவிட்டேனா?' என்று கேட்கிறார்.

இல்லை அம்மா, நீங்கள் கெடுக்கவில்லை. ஏன் என்பதை மடிக்குள் நடப்பதை வைத்தே சொல்கிறேன்.

மடியில் பால் உருவாவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பைகளில். ஒவ்வொரு பையின் சுவரும் ஒற்றை வரிசைச் செல்களால் ஆனது. அவற்றின் வெளிப்பக்கம் இரத்தம் ஓடுகிறது, உட்பக்கம் பால் தேங்குகிறது. இரத்தத்தில் வருவது பாலில் சேர வேண்டுமானால் செல்லுக்குள் புகுந்து கடக்க வேண்டும், அல்லது இரு செல்களுக்கு இடையிலுள்ள இடுக்கில் நுழைய வேண்டும். ஆரோக்கியமான கறவை மாட்டில் அந்த இடுக்குகள் இறுகப் பொருத்தப்பட்டு மூடியிருக்கும்.

செல்லைக் கடப்பது ஹார்மோனின் குணத்தைப் பொறுத்தது. புரோஜெஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன் போன்றவை கொழுப்பில் கரைபவை. செல்லின் சவ்வும் கொழுப்பால் ஆனது என்பதால் அவை தடையின்றி ஊடுருவி, பாலின் கொழுப்புத் துளிகளில் போய்த் தங்குகின்றன. முதலில் பீய்ச்சும் பாலைவிடக் கடைசியில் ஒட்டக் கறக்கும் பாலில் கொழுப்பு மிகுதி. புரோஜெஸ்டிரோனும் அதில்தான் மிகுதி. சினை ஊசி போட்ட 21 முதல் 24 நாட்களில் பாலில் புரோஜெஸ்டிரோனை அளந்து மாடு சினையா என்று கணிப்பதும் இதனால்தான். புரோலாக்டின், இன்சுலின் போன்ற புரத ஹார்மோன்களுக்கு இவ்வழி கிடையாது. இரத்தப் பக்கச் சவ்வில் இருக்கும் ஏற்பிகள் (குறிப்பிட்ட மூலக்கூறைப் பிடிக்கும் புரதங்கள்) அவற்றைப் பிடித்துக்கொள்ள, சவ்வு உள்மடிந்து ஒரு குட்டிப் பையாகி, செல்லைக் கடந்துபோய்ப் பால் பக்கம் திறக்கிறது. சீம்பாலுக்கு நோய் எதிர்ப்புப் புரதங்கள் வந்து சேர்வதும் இப்படித்தான்.

உங்கள் பசுவுக்குப் போடப்படுவது பெரும்பாலும் ஆக்ஸிடோசின். ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு மூலக்கூறு அது. பால் பைகளை வெளியிலிருந்து வலைபோலச் சுற்றியுள்ள, தசை போன்ற செல்களை அது தொட்டு இறுக்குகிறது. பிழியப்பட்ட பால் காம்புக்கு இறங்குகிறது. வேலை முழுவதும் இரத்தப் பக்கத்திலேயே முடிந்துவிடுவதால், பாலுக்குள் போக அதற்குத் தேவையே இல்லை. இரத்தத்திலும் சில நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும். ஊசியே போடாத பாலிலும் அது மிக நுண்ணிய அளவில் உண்டு. குடித்தால் குடலின் நொதிகள் அதைத் துண்டாக்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெண் குழந்தையைப் பூப்பெய்தச் செய்யும் ஹார்மோன் ஆக்ஸிடோசின் அல்ல. அந்தத் தூண்டுதல் அவளுடைய மூளையிலிருந்தே கிளம்புகிறது. பாலில் இயல்பாகவே இருக்கும் புரோஜெஸ்டிரோன் மில்லிலிட்டருக்கு நானோகிராம் (கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்கில்தான் இருக்கும். அதிலும் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும்.

ஆனால் பத்து வயதுக்கு முன் மாதவிடாய் தொடங்கினால் பால்மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது. மகளைக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்லலாம். இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வளர்ச்சியைப் பார்ப்பார்கள், தேவையானால் தைராய்டு உள்ளிட்ட இரத்தப் பரிசோதனைகளும் செய்வார்கள். குழந்தையின் எடையும் இதில் முக்கியம்.

ஊசியை மட்டும் இன்றே நிறுத்துங்கள். என் கவலையெல்லாம் லேபிள் இல்லாத பிளாஸ்டிக் பாட்டிலில் கைமாறும் அந்த மருந்தைப் பற்றியது. உள்ளே என்ன இருக்கிறது என்று போடுபவருக்கே தெரியாது, ஒரே ஊசி தெருவிலுள்ள எல்லா மாட்டுக்கும் போகிறது. ஆக்ஸிடோசின் மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து. பால் கூட வேண்டும் என்று மாட்டுக்குக் கேடு தரும் ஊசி போடுவதை 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் குற்றம் என்கிறது. தினமும் ஊசிக்குப் பழகிய மாடு தானாகச் சுரப்பு விட மறுப்பதையும் பார்த்திருக்கிறேன்.

பசுவின் மூளையே ஆக்ஸிடோசினைச் சுரக்கும். அதற்குப் பயமில்லாமல் இருக்க வேண்டும். அதட்டலும் அடியும் அட்ரினலினைக் கிளப்பிச் சுரப்பைத் தடுத்துவிடும். ஒரே ஆள், ஒரே நேரம், முன்னால் பிண்ணாக்குத் தொட்டி என்று வழக்கப்படுத்துங்கள். வெதுவெதுப்பான நீரில் மடியைக் கழுவி ஒரு நிமிடம் நீவிவிடுங்கள். காம்பு விறைத்ததும் ஐந்தாறு நிமிடத்துக்குள் கறந்து முடியுங்கள். முதல் சில நாள் பால் குறையத்தான் செய்யும்.

ஒவ்வொரு காம்பிலும் முதல் பீய்ச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரித்திரியாகத் தெரிந்தால் மடிநோய். அப்போது பால் பைச் செல்களுக்கு இடையிலுள்ள இடுக்குகள் திறந்து இரத்தத்தின் உப்பு பாலில் கலப்பதால் பால் உப்புக் கரிக்கவும் செய்யும். அந்தப் பாலைக் குடிக்கவோ விற்கவோ வேண்டாம், கால்நடை மருத்துவரை அழைத்துவிடுங்கள்.