வண்டி மருத்துவம்: அணைந்து மீண்டும் எரியும் சிவப்பு விளக்கு

கேள்வி: ஐயா, அப்பா 1969-இல் வாங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மார்க் 3 பதினாறு ஆண்டுகளாகக் கொட்டகையில் கிடந்தது. இரண்டு வருடம் செலவழித்து டிங்கரிங், பெயிண்டிங், எஞ்சின் எல்லாம் செய்து முடித்தோம். இப்போது பேட்டரி சார்ஜ் ஆகவில்லை. வெளியே சார்ஜ் போட்டு வந்தால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. இரண்டு நாள் ஓட்டினால் மறுபடி இறங்கிவிடுகிறது. புது பேட்டரி போட்டோம், மின்சாரம் செய்யும் டைனமோவுக்குக் கார்பன் பிரஷ் மாற்றினோம். பயனில்லை. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு ஐடிலில் மங்கலாக எரிகிறது. கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் அணைகிறது, இன்னும் கொடுத்தால் திரும்ப எரிகிறது. அந்த பல்பும் இரண்டு முறை போய்விட்டது. டைனமோவைக் கழற்றி முழுக்க ரீவைண்டிங் (உள்ளே கம்பியைப் புதிதாகச் சுற்றுவது) செய்ய வேண்டும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? டைனமோவில் லூகாஸ் சி40-1 என்று இருக்கிறது.
— வாசகி, காரைக்குடி

பதில்: அன்புள்ள சகோதரி, ரீவைண்டிங் வேண்டாம். டைனமோவைக் கழற்றவே வேண்டாம். உங்கள் கடிதத்தில் இருக்கும் அந்த விளக்கும், போன இரண்டு பல்புகளும் பழுது எங்கே என்பதைச் சொல்லிவிட்டன.

அந்த விளக்கின் ஒரு முனை இக்னிஷன் சாவி வழியாக பேட்டரிக்குப் போகிறது. மறுமுனை டைனமோவிலிருந்து மின்சாரம் வெளிவரும் டி முனைக்கு. இரண்டு பக்கமும் வோல்ட் சமமாக இருந்தால் விளக்கு அணையும். டைனமோ செத்திருந்தால் அது எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். உங்களுடையது அணைந்து, வேகம் கூடும்போது மறுபடி எரிகிறது. அப்படியென்றால் டைனமோவின் வோல்ட் பேட்டரியைத் தொட்டு, அதையும் தாண்டி மேலே போகிறது. இப்போது விளக்கு எரிவது பேட்டரியால் அல்ல, டைனமோவால். பல்பு கருகியதும் அதனால்தான். டைனமோ தன் வேலையைச் செய்கிறது. செய்த மின்சாரம் பேட்டரிக்குப் போகும் கதவு திறக்கவில்லை.

அந்தக் கதவுதான் கட்-அவுட். பானட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். அதில் ஏ, ஏ1, எஃப், டி, இ என ஐந்து முனைகள். உள்ளே இரண்டு காயில்கள். ஒன்று, டைனமோ ஏறத்தாழ 13 வோல்ட் வந்ததும் பேட்டரியோடு சேர்த்துவிடும். மற்றொன்று வோல்ட் அளவுக்கு மீறாமல் பிடித்துவைக்கும். இரண்டுக்கும் மின்சாரம் திரும்பிப் போகும் வழி இ முனை, அதாவது எர்த். அந்த எர்த் விட்டுப்போனால் இரண்டு காயில்களும் ஒரே நேரத்தில் செயலிழக்கும்: கதவு திறக்காது, வோல்ட்டும் கட்டுக்குள் நிற்காது. உங்கள் வண்டியில் நடப்பது அச்சு அசலாக இதுதான்.

ஏன் விட்டுப்போனது? உங்கள் பெயிண்டர் நல்ல வேலைக்காரர் என்பதால். பழுது பார்த்த பழைய வண்டிகளில் நான் முதலில் தேடுவது பெயிண்டைத்தான். கறுப்பு எர்த் வயரின் வளையம் உட்காரும் இடத்தில் பிரைமர், அதன்மேல் இரண்டு மூன்று கோட் பெயிண்ட். திருகு எவ்வளவு இறுக்கியிருந்தாலும் வளையம் இரும்பைத் தொடுவதில்லை. ஹெரால்டில் சேஸிஸ் தனி, அதன்மேல் பாடி தனி. எஞ்சின் ரப்பர் மீது உட்கார்ந்திருக்கிறது. ஆகவே இந்த வண்டிக்கு எர்த் இணைப்புகள் ஒவ்வொன்றும் முக்கியம். செல்ஃப் ஓங்கிச் சுற்றுவதால் எஞ்சினுக்கான கனமான எர்த் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். எஞ்சினை நிறுத்திவிட்டு, பெட்டியின் இ முனையிலிருந்து ஒரு தனி வயரை நேராக பேட்டரியின் எர்த் முனையில் இணையுங்கள். எந்த முனை பாடிக்குப் போகிறதோ அதுதான் எர்த். அது பிளஸ்ஸாகவும் இருக்கலாம். அந்தக் காலத்து ஆங்கிலேய வடிவமைப்பு வண்டிகள் பலவற்றில் பிளஸ்தான் எர்த். பிறகு ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். விளக்கு அணைந்து, அணைந்தபடியே இருந்தால் நோய் பிடிபட்டது. திருகைக் கழற்றி, அந்த இடத்தை உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு முறுக்கி, மேலே சிறிது வாசலின் தடவுங்கள். மீட்டரை பேட்டரியில் வைத்தால் நடுத்தர வேகத்தில் 14 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். ஐடிலில் விளக்கு மினுக்கினால் கவலை வேண்டாம், டைனமோவின் சுபாவம் அது.

விளக்கு மாறாமல் முன்போலவே எரிந்தால், கட்-அவுட்டுக்குள் காயிலோ முனைகளோ பழுது. அப்போதும் பார்க்க வேண்டியது பெட்டியைத்தான்.

இதைச் சரிசெய்யும்வரை வண்டியை வேகமாக ஓட்டாதீர்கள். வோல்ட் கட்டுப்பாடில்லாமல் ஏறினால் டைனமோவுக்குள் காந்தம் உண்டாக்கும் ஃபீல்டு காயில் சூடேறிக் கருகும். சந்தேகம் இருந்தால் டைனமோவின் இரண்டு வயர்களையும் கழற்றி, சிறிய எஃப் முனைக்கும் டைனமோ உடம்புக்கும் இடையே ஓம் பாருங்கள். 6 ஓம் அளவில் காட்டினால் அது பிழைத்தது.

1983-இல் கோவையில் தொழில் கற்றுக்கொண்டிருந்தபோது இதே குணம் காட்டிய ஓர் அம்பாசிடருக்கு நான் ஆர்மேச்சர் (டைனமோவில் சுழலும் பகுதி) ரீவைண்டிங் செய்துகொடுத்தேன். ஓர் ஆசிரியரின் வண்டி. வாரக் கடைசியில் அதே குறையோடு திரும்பி வந்தது. பழுது ஒரு துருப்பிடித்த எர்த் திருகு. அவர் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து மீட்டர் வைக்காமல் ஸ்பேனரை எடுத்ததில்லை. உங்கள் அப்பாவின் வண்டியில் இருப்பது அதன் சொந்த டைனமோ. மார்க் 3 நான்கு கதவு வண்டி. இங்கிலாந்தில்கூட நான்கு கதவு ஹெரால்ட் வந்ததில்லை, நம் சென்னையில் மட்டுமே செய்தார்கள். அதன் உறுப்புகளைக் காரணமில்லாமல் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: எட்டு வருடம் நின்ற அம்பாசிடர் மார்க் 2. டைனமோ சுற்றுகிறது, வோல்ட் வரவில்லை. விளக்கு அணைவதே இல்லை.
— வாசகர், கோவில்பட்டி

பதில்: முதலில் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, கார்பன் கூட்டில் சிக்கி நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் நீண்ட நாள் நின்றதில் டைனமோவின் மிச்சக் காந்தம் (மின்சாரம் செய்யத் தொடங்க அதன் இரும்பில் தங்கியிருக்க வேண்டிய காந்தம்) போயிருக்கும். இரு வயர்களையும் டைனமோவிலிருந்து கழற்றுங்கள். பேட்டரியின் எர்த் அல்லாத முனையில் ஒரு வயரை முதலில் இறுக்கிவிட்டு, மறுமுனையால் டைனமோவின் எஃப் முனையை இரண்டு மூன்று முறை தொட்டுத் தொட்டு எடுங்கள். பொறி டைனமோ பக்கம்தான் வர வேண்டும், பேட்டரி பக்கம் வரக்கூடாது. பேட்டரியின் வாயு தீப்பிடிக்கும்.

பிறகு டி, எஃப் இரண்டையும் ஒரு வயரால் சேர்த்து, மீட்டரை அதற்கும் எர்த்துக்கும் இடையே வைத்து, எஞ்சினை மெல்ல உயர்த்துங்கள். வோல்ட் விறுவிறுவென ஏறினால் டைனமோ உயிரோடு இருக்கிறது. 20 வோல்ட்டைத் தாண்ட விடாதீர்கள். ஒரு வோல்ட்டுக்குள் நின்றால் பழுது ஃபீல்டு காயிலில், நான்கைந்தில் நின்றால் ஆர்மேச்சரில். அப்போது மட்டும் ரீவைண்டிங் கடைக்குப் போங்கள்.

கேள்வி: பழைய ஃபியட்டில் 100/90 வாட் ஹாலஜன் பல்பு போட்டேன். இரவில் பேட்டரி இறங்குகிறது. டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் மாற்றலாமா?
— வாசகர், வேலூர்

பதில்: இரண்டு 100 வாட் பல்புகள் மட்டுமே 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்தக் காலத்து டைனமோக்களின் முழுத் தெம்பே 20 ஆம்பியரை ஒட்டித்தான். பல்பை 60/55 ஆக்குங்கள். பெரும்பாலும் அதுவே போதும். தினமும் இரவில் நெடுந்தூரம் ஓட்டுபவராக இருந்தால் ஆல்டர்னேட்டர் போடலாம். ஆனால் பழைய கட்-அவுட் பெட்டியை இணைப்பிலிருந்து விலக்கி, சார்ஜ் போகும் வயரைத் தடிமனாக மாற்றிய பிறகே போட வேண்டும். கழற்றிய டைனமோவை எண்ணெய்த் துணியில் சுற்றி வீட்டிலேயே வைத்திருங்கள், பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.