சாகப்போகிறவள் எப்படி அவ்வளவு சத்தமாகப் பாடுகிறாள்?

முதல் ஓபராவாக (பாடியே நடிக்கும் மேற்கத்திய இசை நாடகம்) ‘லா ட்ராவியாட்டா’ பார்த்தேன், காசநோயில் சாகக் கிடப்பவள் எழுந்து நின்று உச்சக்குரலில் பாடியதும் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கு ரசனை இல்லையோ என்று கேட்டிருந்தீர்கள். அட, விடுங்கள். 1853 மார்ச்சில் வெனிஸ் நகரத்து லா ஃபெனிசே அரங்கில் இது முதன்முதலாக மேடையேறியபோதும் சிரித்தார்கள். நாயகியாகப் பாடியவர் நல்ல பூசின உடம்புக்காரர். இவருக்கா காசநோய் என்று! மறுவருஷம் இதற்கு இசையமைத்த வெர்டி சில இடங்களைத் திருத்தி, அதே ஊரில் வேறு அரங்கில் போட்டபோது ஜெயித்துவிட்டது.

இப்போதுதான் கதை தெரிந்துவிட்டதே, கடைசி அங்கத்தை மட்டும் இன்னொரு தடவை கேளுங்கள். காதலன் ஆல்ஃப்ரெடோவின் அப்பா எழுதிய கடிதத்தை நாயகி வயலெட்டா எடுத்து வாசிப்பாள். பாட மாட்டாள், வெறும் பேச்சுக்குரல்தான். பின்னால் வயலினில் மெல்ல ஒரு மெட்டு வரும். முதல் அங்கத்தில் ஆல்ஃப்ரெடோ தன் காதலைச் சொன்ன அதே மெட்டு. அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று யாரும் வாய்திறந்து சொல்வதில்லை, வயலின் சொல்லிவிடுகிறது. வாசித்து முடித்ததும் ‘காலம் கடந்துவிட்டது’ என்பாள். எனக்குத் தொண்டை அடைப்பது அங்கேதான், சாவில் இல்லை.

நீங்கள் சிரித்த இடத்துக்குச் சற்று முன்பும் அந்த மெட்டு திரும்ப வரும். வலி நின்றுவிட்டது என்று பேசுவாள், அப்புறம்தான் அந்த உச்சக்குரல். அணையப்போகிற விளக்கு குப்பென்று எரியுமே, அதுதான்.

இன்னொன்று, திரையில் ஓடும் மொழிபெயர்ப்பு வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தால் இதெல்லாம் காதில் விழாது. கதைச்சுருக்கத்தை முன்கூட்டியே படித்துவிட்டு உட்காருங்கள்.