ஈறு அறுவையில் மைக்ரோஸ்கோப்: கேள்வி பதில்

கோரைப்பல்லில் ஈறு இறங்கி வேர் தெரிகிறது, டாக்டர். மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்தால் நன்றாக மூடுமா?

அது அதிகம் கைகொடுப்பது இந்த மாதிரி இடத்தில்தான். வேரின் மேற்பரப்பில் ரத்த நாளம் கிடையாது. அதன் மேல் வைக்கும் திசு, சுற்று ஓரங்களிலிருந்தும் மேலே போர்த்தும் ஃபிளாப்பிலிருந்தும் (பிரித்துத் தூக்கிய ஈறு மடல்) வரும் ரத்தத்தில்தான் பிழைக்க வேண்டும். பர்க்கார்ட், லாங் இருவரும் 10 பேருக்கு வாயின் ஒரு பக்கம் மைக்ரோஸ்கோப் வைத்து நுண் அறுவை, மறுபக்கம் வழக்கமான முறை என்று செய்து, சாயம் ஏற்றி ரத்த ஓட்டத்தைப் பார்த்தார்கள் (2005). ஏழாம் நாளில் ரத்த ஓட்டம் வந்திருந்த பகுதி நுண் முறையில் சுமார் 85%, மற்றதில் 64%. ஓராண்டு கழித்தும் மூடியிருந்த வேர்ப்பரப்பு நுண் முறையில் 98%, மற்றதில் 90%. ஆனால் பற்களுக்கு இடையிலுள்ள எலும்பு நன்றாகக் கரைந்திருந்தால் எந்த லென்ஸ் வைத்தாலும் வேர் முழுதாக மூடாது. எக்ஸ்ரேயில் அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

நானும் பல் மருத்துவர்தான். லூப் (கண்ணில் மாட்டும் உருப்பெருக்கி) இருக்கிறது. தடித்த 4-0 நூலிலிருந்து மெல்லிய 7-0 நூலுக்கு மாறினேன். முடிச்சு போடும்போதே அறுகிறது. நூல் தரம் சரியில்லையா?

ஊசி பிடிப்பானின் வாய் நூலைக் கவ்வி நசுக்கினாலும் அறும். அதை முதலில் கவனியுங்கள். அப்படி இல்லையென்றால், ஃபிளாப் இழுவையில் இருக்கிறது. 4-0 நூல் அறாது, திசுவைத்தான் கிழிக்கும். ஓரங்களை வலிந்து சேர்த்துக் கட்டிவிடுவீர்கள். ஈறு வெளுக்கும், சில நாளில் ஓரம் அழுகிப் பிரியும். மெல்லிய நூலோ திசு கிழியும் முன்பே தான் அறுந்துவிடும். அதனால் தடித்த நூலுக்குத் திரும்பாதீர்கள். ஃபிளாப்பின் அடியில் பெரியாஸ்டியத்தை (எலும்பை மூடும் சவ்வு) மட்டும் மேலாக வெட்டித் தளர்த்துங்கள். கை விட்டாலும் ஃபிளாப் தானாக இடத்தில் படுத்திருக்க வேண்டும். அதன் பிறகே ஊசியை எடுங்கள்.

கீறல் சரிவாக இருந்தாலும் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். பிளேடைத் திசுவுக்குச் செங்குத்தாகப் பிடியுங்கள். ஊசியும் ஏறக்குறைய செங்குத்தாகவே நுழையட்டும். ஓரத்திலிருந்து திசுத் தடிமனைப் போல ஒன்றரை மடங்கு தள்ளிக் குத்துங்கள், இரு பக்கமும் ஒரே அளவு. முன்கையை ஊன்றிக்கொண்டு, கருவியைப் பேனாபோல் பிடித்தால் நடுக்கம் குறையும்.

எல்லாப் பாக்கெட் (பல்லுக்கும் ஈறுக்கும் இடையே ஆழமாகும் பள்ளம்) அறுவைக்கும் மைக்ரோஸ்கோப் வேண்டுமா?

வேண்டாம். பல பற்களுக்கு ஃபிளாப் திறந்து எலும்பைச் சீர்செய்ய லூப் போதும்; மைக்ரோஸ்கோப்பின் குறுகிய பார்வைப் பரப்பு அங்கே நேரத்தைத்தான் தின்னும். ஒரே பல்லருகே ஆழமான, குறுகிய எலும்புக் குழி என்றால் கட்டாயம் பயன்படுத்துவேன். அங்கே பல்லிடை ஈறின் அகலம் 2 மி.மீ. அல்லது அதற்கும் குறைவென்றால் சாய்வாகக் கீறுவோம்; அதற்கு மேல் என்றால் வெளிப்பக்க அடியில் கிடையாக. இரண்டிலும் அந்தச் சிறு முக்கோண ஈறு சிதையாமல் மூடினால்தான் எலும்புக் குழிக்குள் வைத்த பொருள் தங்கும்.

தையல் எப்போது பிரிப்பார்கள்?

பொதுவாக 7 முதல் 10 நாளில். திசு ஒட்டு வைத்திருந்தால் 10 முதல் 14. அதுவரை அந்த இடத்தில் பிரஷ் வேண்டாம், டாக்டர் சொன்ன குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினித் திரவத்தால் கொப்பளித்தால் போதும். உதட்டைத் தூக்கிக் கண்ணாடியில் பார்க்காதீர்கள், தையல் இழுபடும். புகை பிடிக்கவே கூடாது.